ஒரு மானிட்டர், இரண்டு கம்ப்யூட்டர்: ஸ்விட்சை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

மேசையில் ஒரு நல்ல மானிட்டர், கைக்குப் பழகிய கீபோர்டு, ஒரு மவுஸ். பக்கத்தில் ஆபீஸ் லேப்டாப் ஒன்று, சொந்தக் கம்ப்யூட்டர் ஒன்று. ‘இரண்டுக்கும் இதையே வைத்துக்கொள்ள என்ன வாங்க வேண்டும்?’ என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். ஒருவர் ஸ்ப்ளிட்டர் என்பார், ஒருவர் டாக் என்பார், ஒருவர் ‘காசே செலவழிக்க வேண்டாம், சாஃப்ட்வேர் இருக்கிறது’ என்பார், இன்னொருவர் கேவிஎம் என்பார். நாலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது போலப் பேச்சு போகும். வாங்கி மாட்டிய பிறகுதான் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று தெரியவரும்.

மானிட்டரைப் பகிர்வதும் கீபோர்டைப் பகிர்வதும் ஒரே வேலை என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. படம் ஒரு கேபிளில் போகிறது. கீபோர்டு, மவுஸ் விவகாரமெல்லாம் யூஎஸ்பி என்ற வேறொரு வழியில் நடக்கிறது. இரண்டுக்கும் விதிகள் வேறு, அதனால் வரும் கோளாறுகளும் வேறு. முதலில் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துவிடுவோம்.

## படத்தின் வழி

மானிட்டரைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். ஓர் எச்டிஎம்ஐ போர்ட், ஒரு டிஸ்ப்ளேபோர்ட், சிலவற்றில் யூஎஸ்பி-சி போர்ட்டும் இருக்கும். லேப்டாப்பை ஒன்றிலும் கம்ப்யூட்டரை இன்னொன்றிலும் ஒரே நேரத்தில் செருகி வைக்கலாம், ஒன்றும் ஆகிவிடாது. எதிலிருந்து வரும் படத்தைக் காட்டுவது என்பதை மானிட்டரின் மெனுவில் ‘இன்புட்’ என்ற இடத்தில் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. படத்தை மட்டும் பொறுத்தவரை பலருக்கு எதையும் வாங்கத் தேவையே இல்லை.

எரிச்சல் என்னவோ அந்த மெனுவில்தான். கீழ் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து, மெனுவைத் திறந்து, இன்புட்டுக்கு இறங்கி, தேர்ந்தெடுத்து... நாளுக்குப் பல முறை இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்?

இதற்கு அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு மாற்று உண்டு. எச்டிஎம்ஐ ஆனாலும் டிஸ்ப்ளேபோர்ட் ஆனாலும், அந்தக் கேபிளுக்குள் படம் போகும் பாதையோடு இன்னொரு மெதுவான பாதையும் இருக்கிறது. அதன் வழியாகக் கம்ப்யூட்டரும் மானிட்டரும் பேசிக்கொள்ள முடியும். ‘வெளிச்சத்தைக் குறை’, ‘இன்புட்டை மாற்று’ என்று கம்ப்யூட்டர் கட்டளையிடும் இந்த ஏற்பாட்டுக்கு டிடிசி/சிஐ என்று பெயர். லினக்ஸில் டிடிசியூட்டில் என்ற நிரல் இதைத்தான் செய்கிறது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் இதேபோன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. ஒரு குறுக்குவிசையை இதோடு இணைத்துவிட்டால் மானிட்டரைத் தொடாமலேயே இன்புட் மாறும். சில மானிட்டர்களில் இந்த வசதியை மெனுவில் இயக்கிவிட வேண்டும். சில மானிட்டர்கள் வெளிச்சக் கட்டளைக்குப் பணியும், இன்புட் கட்டளையைக் கண்டுகொள்ளாது. வாங்குவதற்கு முன் முயன்று பார்க்கச் செலவில்லை என்பதால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

ஸ்ப்ளிட்டர் பற்றி ஒரு வார்த்தை. அது ஒரு கம்ப்யூட்டரின் படத்தை இரண்டு திரைகளுக்கு அனுப்பும் பெட்டி. நமக்குத் தேவை அதற்கு நேர் எதிரானது: இரண்டு கம்ப்யூட்டர், ஒரு திரை. அந்தப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றி வாங்கிவிடுவது சகஜம்.

இதுவரை பார்த்தது: படத்துக்குத் தடை குறைவு. மானிட்டர் பல இன்புட்டுகளை வைத்துக்கொண்டு ஒன்றைக் காட்டும். கீபோர்டு, மவுஸ் பக்கம் வந்தால்தான் கெடுபிடி.

## யூஎஸ்பியின் வழி: ஒரு பிள்ளை, ஒரு வகுப்பு

யூஎஸ்பியை ஒரு வகுப்பறையாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர்தான் ஆசிரியர். கீபோர்டு, மவுஸ், வெப்கேம் எல்லாம் பிள்ளைகள். இந்த வகுப்பில் ஒரு கறாரான விதி: ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒழிய எந்தப் பிள்ளையும் வாய் திறக்கக் கூடாது.

யூஎஸ்பி உண்மையில் இப்படித்தான் வேலை செய்கிறது. மவுஸை நகர்த்தியவுடன் அது ஓடிப்போய்ச் செய்தி சொல்வதில்லை. ‘ஏதாவது உண்டா? ஏதாவது உண்டா?’ என்று கம்ப்யூட்டர்தான் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. சாதாரண மவுஸை விநாடிக்கு 125 முறை கேட்பது வழக்கம். கேமிங் மவுஸ்கள் பலவும் விநாடிக்கு 1000 முறை கேட்கச் சொல்லும். கேட்கும் இடத்தில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஹோஸ்ட் என்று பெயர், பதில் சொல்லும் இடத்தில் இருப்பது டிவைஸ். ஒரு டிவைஸுக்கு ஒரே ஒரு ஹோஸ்ட்தான். ஒரு பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் உட்கார முடியாதல்லவா?

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் சேர்க்கை நடக்க வேண்டும். கீபோர்டைச் செருகியதும் கம்ப்யூட்டர் அதை 0 என்ற தற்காலிக எண்ணில் கூப்பிட்டு, 1 முதல் 127 வரை காலியாக இருக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. ‘நீ யார்? எந்தக் கம்பெனி? என்ன செய்வாய்?’ என்று விசாரிக்கிறது. பதிலுக்கேற்ற டிரைவரைத் தேடி எடுத்துக்கொள்கிறது. டிரைவர் என்பது அந்தச் சாதனத்தோடு பேசத் தெரிந்த நிரல். இந்தச் சேர்க்கைக்கு எனுமரேஷன் என்று பெயர். பெரும்பாலும் ஓரிரு விநாடியில் முடிந்துவிடும்.

அப்படியானால் ஒரு கீபோர்டை இரண்டு கம்ப்யூட்டருக்கு எப்படிப் பகிர்வது? ஒரே வழிதான்: இந்த வகுப்பிலிருந்து கிளப்பி அந்த வகுப்பில் சேர்ப்பது. யூஎஸ்பி ஸ்விட்ச் என்று விற்கும் சின்னப் பெட்டி செய்வது அதை மட்டுமே. நீங்கள் கேபிளைப் பிடுங்கி மற்றதில் செருகுவதை அது ஒரு பொத்தானில் செய்துவிடுகிறது. முதல் கம்ப்யூட்டருக்கு ‘கீபோர்டு கழற்றப்பட்டது’ என்று தெரிகிறது. இரண்டாவதற்கு ‘புதிய கீபோர்டு வந்திருக்கிறது’ என்று தெரிகிறது. பொத்தானை அழுத்தியதும் முதல் சில எழுத்துகள் விழாமல் போவது பெட்டியின் பழுதில்லை. சேர்க்கை முடியும்வரை அந்தக் கீபோர்டு எந்த வகுப்பிலும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரு முனையிலும் சாதாரண யூஎஸ்பி பிளக் உள்ள கேபிளால் இரண்டு கம்ப்யூட்டர்களை நேராக இணைத்தால் பகிர்ந்துகொள்ளும் என்று சிலர் நம்புகிறார்கள். கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட் 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கிறது. கொடுக்கிற இரண்டை எதிரெதிரே கோத்தால் போர்ட் பாழாகலாம். பகிர்வும் நடக்காது, இரண்டுமே ஆசிரியர்கள், பிள்ளையே இல்லை.

## கேவிஎம்: இரண்டு வழியும் ஒரு பெட்டிக்குள்

கீபோர்டு, வீடியோ, மவுஸ் ஆகிய மூன்று சொற்களின் முதலெழுத்துகள்தான் கேவிஎம். பட ஸ்விட்சையும் யூஎஸ்பி ஸ்விட்சையும் ஒரே பெட்டியில் வைத்து, ஒரே பொத்தானால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் அதன் வேலை. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு பட கேபிளும் ஒரு யூஎஸ்பி கேபிளும் பெட்டிக்குள் போகும். மறுபக்கத்தில் மானிட்டரும் கீபோர்டும் மவுஸும்.

பெட்டிக்கு வந்ததும் இரண்டு கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. ஒன்றில் காப்பி செய்து மற்றதில் பேஸ்ட் செய்ய முடியாது, கோப்புகளை இழுத்துப் போட முடியாது. அவற்றுக்கு ஒன்றையொன்று தெரியவே தெரியாது.

கேவிஎம் என்று பெயர் போட்ட எல்லாப் பெட்டியும் ஒன்றில்லை. தரம் எங்கே பிரிகிறது என்றால், பிடுங்கிச் செருகும் இந்த வேலையைக் கம்ப்யூட்டர்களுக்குத் தெரியாமல் மறைப்பதில். அதைப் புரிந்துகொள்ள மானிட்டர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

## ஜன்னல்கள் ஏன் இடம் மாறிவிடுகின்றன?

கேவிஎம் வாங்கியவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். பொத்தானை அழுத்தி மற்ற கம்ப்யூட்டருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், பெரிய திரையில் அழகாகப் பரப்பி வைத்திருந்த ஜன்னல்கள் அத்தனையும் லேப்டாப்பின் சின்னத் திரையில் குவிந்து கிடக்கும். ஐகான்கள் கலைந்திருக்கும். சில நேரம் எழுத்துகள் பூதாகரமாகத் தெரியும்.

ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் சிறிய நினைவகம் ஒன்றில் அதைப் பற்றிய குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. தயாரித்தவர் யார், எந்த ஆண்டு, எந்தெந்த ரெசல்யூஷனை, அதாவது எத்தனை புள்ளிகள் கொண்ட படத்தை, காட்ட முடியும், எது தனக்குப் பிடித்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இதற்கு ஈடிஐடி என்று பெயர். 1994-இல் வந்த தரநிலை இது. அடிப்படைக் குறிப்பு வெறும் 128 பைட். கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் முதலில் இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் படம் அனுப்பத் தொடங்குகிறது. இன்புட்டை மாற்ற உதவும் அதே மெதுவான பாதையில்தான் இந்தக் குறிப்பும் வருகிறது. ‘மானிட்டர் இருக்கிறேன்’ என்று சொல்ல இன்னொரு தனிக் கம்பியும் உண்டு.

மலிவான கேவிஎம் வேறு பக்கம் திரும்பும்போது இந்தக் கம்பியும் துண்டிக்கப்படுகிறது. கம்ப்யூட்டரின் பார்வையில் மானிட்டரை யாரோ கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். இல்லாத திரையில் ஜன்னல்களை வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று அது எல்லாவற்றையும் இருக்கிற திரைக்குக் கொண்டுவருகிறது. கம்ப்யூட்டர் செய்தது சரியான காரியம்தான். அதற்குக் கிடைத்த தகவல் அப்படி. மானிட்டரின் சொந்த மெனுவில் இன்புட்டை மாற்றும்போதும் சில மானிட்டர்கள் இதேபோல நடந்துகொள்ளும், குறிப்பாக டிஸ்ப்ளேபோர்ட்டில்.

விண்டோஸ் 11-இல் மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் மானிட்டர் திரும்பி வந்ததும் பெரும்பாலான ஜன்னல்கள் பழைய இடத்துக்குப் போய்விடும்.

## ப்ராக்ஸி கொடுக்கும் பெட்டி

நல்ல கேவிஎம் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. கல்லூரியில் வராத நண்பனுக்காக ‘உள்ளேன் ஐயா’ என்று ப்ராக்ஸி கொடுப்பது நமக்குத் தெரிந்ததுதானே? அதே வேலை. மானிட்டரின் ஈடிஐடி குறிப்பைப் பெட்டி தன்னிடம் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். மானிட்டர் மற்ற கம்ப்யூட்டரோடு இருக்கும் நேரத்திலும், ‘இருக்கிறேன்’ என்ற கம்பியைத் துண்டிக்காமல், குறிப்பைக் கேட்டால் நகலை நீட்டும். கம்ப்யூட்டருக்குச் சந்தேகமே வராது. ஜன்னல்கள் வைத்த இடத்தில் அசையாமல் இருக்கும். இந்த வசதிதான் ஈடிஐடி எமுலேஷன். கேவிஎம் வாங்குகிறவர்கள் விவரப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது இந்தச் சொல்லைத்தான். பெட்டியின் உலோக உறையும் நிறமும் அப்புறம்.

கீபோர்டு, மவுஸ் பக்கத்திலும் இதே ப்ராக்ஸி உண்டு. பெட்டிக்குள் இருக்கும் சிப் இரண்டு கம்ப்யூட்டருக்கும் தானே ஒரு கீபோர்டாக, ஒரு மவுஸாக நடித்துக்கொண்டிருக்கும். உங்கள் நிஜக் கீபோர்டிடமிருந்து எழுத்தை வாங்கி, இப்போது யார் முறையோ அவர்களிடம் சேர்க்கும். மாற்றும்போது சேர்க்கை வேலை எதுவும் இல்லாததால் உடனே தட்டச்சு செய்யலாம். ஸ்க்ரோல் லாக் விசையை இரண்டு முறை தட்டினால் கம்ப்யூட்டர் மாறும் என்பது போன்ற வசதிகள் இதனால்தான் சாத்தியம். பெட்டி நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு விசையையும் கவனித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் ப்ராக்ஸி கொடுப்பவனுக்கு நண்பனின் திறமையெல்லாம் வந்துவிடாது. பெட்டி நடிப்பது ஒரு சாதாரணக் கீபோர்டாக. உங்கள் கீபோர்டில் ஒலியைக் கூட்டும் உருளை, மேக்ரோ விசைகள், வண்ண விளக்குகள் இருந்தால் அவை வேலை செய்யாமல் போகலாம். கேமிங் மவுஸின் பக்கவாட்டுப் பொத்தான்களும் அப்படித்தான். பல கேவிஎம்களில் கீபோர்டு, மவுஸ் படம் போட்ட இரண்டு போர்ட்டுகள் தவிர, சாதாரண யூஎஸ்பி போர்ட்டுகளும் இருக்கும். பிந்தியவற்றில் நடிப்பு கிடையாது, பிடுங்கிச் செருகல்தான். விசேஷக் கீபோர்டை அதில் செருகினால் எல்லா விசைகளும் வேலை செய்யும். மாறும்போது ஓரிரு விநாடி காத்திருக்க வேண்டும், ஸ்க்ரோல் லாக் தந்திரமும் போய்விடும்.

சுருக்கமாக: எமுலேஷன் இல்லாத பெட்டி, கேபிளைப் பிடுங்கிச் செருகும் ஒரு கை. எமுலேஷன் உள்ள பெட்டி, பிடுங்கியது தெரியாமல் பார்த்துக்கொள்ளும்.

## கொஞ்சம் கணக்கு

4கே திரை என்பது 3840 × 2160 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் நிறம், விநாடிக்கு 60 படம் என்றால் பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்குச் சுமார் 1200 கோடி பிட், அதாவது 12 கிகாபிட். எச்டிஎம்ஐ 1.4-இன் மொத்தக் கொள்ளளவே 10.2 கிகாபிட். அதனால்தான் அந்தத் தரத்தில் செய்த கேவிஎம், ‘4கே’ என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தாலும் 30 படத்தோடு நின்றுவிடும். மவுஸ் சுட்டி இழுத்து இழுத்து நகரும்போது அது கண்ணை உறுத்தும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை. 4கேயில் 120 என்றால் எச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 பக்கம் போக வேண்டும்.

மானிட்டர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் நடுவில் உள்ள பெட்டி விட்டதுதான் வந்து சேரும். பெட்டிக்கு முன்னும் பின்னும் கேபிள் கூடுவதால் சிக்னலும் பலவீனப்படும். திரை அவ்வப்போது ஒரு நொடி கறுத்து மீண்டால் முதலில் நீளம் குறைந்த, தரமான கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இதனால்தான் பலருக்கு நான் முழுக் கேவிஎம் பரிந்துரைப்பதில்லை. இரண்டு கம்ப்யூட்டரும் மானிட்டரில் நேரடியாகச் செருகியிருக்கட்டும். கீபோர்டு, மவுஸுக்கு மட்டும் ஒரு சின்ன யூஎஸ்பி ஸ்விட்ச். படம் மூன்றாவது கை படாமல் போவதால் ரெசல்யூஷன் தகராறே இல்லை. யூஎஸ்பி ஸ்விட்ச் மாறி, கீபோர்டு வந்து சேர்ந்ததைக் கவனித்து, மானிட்டரின் இன்புட்டையும் டிடிசி/சிஐ வழியே மாற்றிவிடும் இலவச நிரல்கள்கூட இருக்கின்றன. ஒரே பொத்தானில் இரண்டும் மாறும். மானிட்டர் கட்டளைக்குப் பணிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

## மானிட்டருக்குள்ளேயே கேவிஎம், அப்புறம் யூஎஸ்பி-சி

இப்போது சில மானிட்டர்களில் கேவிஎம் உள்ளேயே வருகிறது. கீபோர்டும் மவுஸும் மானிட்டரின் யூஎஸ்பி போர்ட்டில் செருகப்படும். ஒரு கம்ப்யூட்டர் யூஎஸ்பி-சி கேபிளில், இன்னொன்று எச்டிஎம்ஐயோடு தனியாக ஒரு யூஎஸ்பி கேபிளில் இணையும். இன்புட் மாறும்போது யூஎஸ்பியும் கூடவே மாறும். புது மானிட்டர் வாங்கப்போகிறவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. அந்த இரண்டாவது யூஎஸ்பி கேபிளைச் செருக மறந்துவிட்டு ‘படம் வருகிறது, கீபோர்டு வேலை செய்யவில்லை’ என்பவர்கள் ஏராளம். முதலில் சொன்ன இரண்டு வழிகளை நினைத்தால் காரணம் புரியும்.

யூஎஸ்பி-சியில் மட்டும் படம், யூஎஸ்பி, மின்சாரம் மூன்றும் ஒரே கேபிளில் வரலாம். அதில் வேகப் பாதைகள் நான்குதான். படம் நான்கையும் எடுத்துக்கொண்டால் யூஎஸ்பிக்கு மிஞ்சுவது விநாடிக்கு 480 மெகாபிட் போகும் பழைய பாதை. கீபோர்டுக்கு அது தாராளம். வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போதாது. சில மானிட்டர் மெனுக்களில் படத்தின் தரத்துக்கும் யூஎஸ்பி வேகத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

டாக் என்பது ஒரு லேப்டாப்பிலிருந்து பல போர்ட்டுகளைக் கிளைவிடச் செய்யும் பெட்டி. அதற்கு மாற்றத் தெரியாது. ஆனால் இரண்டுமே யூஎஸ்பி-சி லேப்டாப்புகள் என்றால், டாக்கின் ஒற்றைக் கேபிளை ஒன்றில் உருவி மற்றதில் செருகினாலே வேலை முடிந்தது. நாளுக்கு ஒன்றிரண்டு முறை மாற்றுகிறவருக்குக் கேவிஎம் ஆடம்பரம்.

## சாஃப்ட்வேர் போதாதா?

ஆப்பிளின் யூனிவர்சல் கன்ட்ரோல், மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸில் உள்ள மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ், இன்புட் லீப் போன்றவை நெட்வொர்க் வழியாக ஒரு கம்ப்யூட்டரின் கீபோர்டையும் மவுஸையும் இன்னொன்றுக்கு அனுப்புகின்றன. சுட்டி இந்தத் திரையின் ஓரத்தைத் தாண்டி அந்தத் திரைக்குள் நுழையும். காப்பி, பேஸ்ட் கூட நடக்கும். அருமையான ஏற்பாடுதான், ஆனால் அவை படத்தை அனுப்புவதில்லை. இரண்டு கம்ப்யூட்டருக்கும் தனித்தனித் திரை இருந்தால்தான் பயன். ஒரே மானிட்டர் வைத்திருப்பவரின் பிரச்சினையில் பாதியை அது தொடுவதே இல்லை. இரண்டாவது கம்ப்யூட்டர் முழுதாக எழுந்து நிரல் ஓடத் தொடங்கும்வரை உங்கள் கீபோர்டு அங்கே செல்லுபடியாகாது. தொடக்கத்திலேயே பாஸ்வேர்ட் கேட்கும் கம்ப்யூட்டர் என்றால் திண்டாட்டம்தான்.

மூன்று கம்ப்யூட்டர்வரை நினைவில் வைத்துக்கொள்ளும் ப்ளூடூத் கீபோர்டுகளும் மவுஸ்களும் கிடைக்கின்றன. பொத்தான் அழுத்தினால் ஆள் மாறும். மானிட்டரின் இன்புட் மெனுவோடு சேர்த்தால் பெட்டியே இல்லாத கேவிஎம். இரண்டையும் தனித்தனியே மாற்ற வேண்டும் என்பதுதான் தொல்லை.

## எதை எங்கே செருகுவது?

பெட்டியில் காலியாக யூஎஸ்பி போர்ட் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் செருகிவிடக் கூடாது. கீபோர்டு, மவுஸ் திடீரென்று பிடுங்கப்பட்டாலும் நஷ்டமில்லை. வெப்கேமும் மைக்கும் போகலாம், வீடியோ அழைப்பின் நடுவில் மாற்ற மாட்டீர்கள் என்றால். வெளி ஹார்ட் டிஸ்க் கூடவே கூடாது. கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது பொத்தானை அழுத்தினால், ‘பாதுகாப்பாக அகற்று’ என்று சொல்லாமல் கேபிளைப் பிடுங்கியதற்குச் சமம்.

ஆபீஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கேவிஎம் இரண்டு கம்ப்யூட்டரையும் இணைப்பதில்லை என்பதால், காப்பி, பேஸ்ட்டைக் கடத்தும் சாஃப்ட்வேரைவிட அது கம்பெனி விதிகளுக்கு உகந்தது; நிறுவுவதற்கும் எதுவும் கிடையாது. ஆனால் பெட்டியில் ஒரு பென் டிரைவை விட்டு வைத்திருந்தால், பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது ஆபீஸ் லேப்டாப்பில் புதிதாகச் செருகப்பட்டதாகத்தான் பதிவாகும். ஐடி ஆட்கள் கேள்வி கேட்பதற்கு முன் அதை உருவி டிராயரில் போட்டுவிடுங்கள்.